டேங்கர் வாசலில் நிற்கும்போதே தீவன எண்ணெயின் எனர்ஜியைக் கணிப்பது எப்படி?

பல்லடம் பக்கம் ஒரு சின்ன பிராய்லர் தீவன மில்லில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'சோயா ஆசிட் ஆயில்' (சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெய்) என்று ஒரு டேங்கர் வந்தது. கூடவே வந்த லேப் ரிப்போர்ட்டில் எனர்ஜி கிலோவுக்கு 9,400 கிலோகலோரி என்று இருந்தது. 'நாம் கொஞ்சம் குறைத்தே போடுவோம்' என்று ஃபார்முலாவில் 8,800 போட்டுத் தீவனம் ஓட்டினோம். மூன்றாவது வாரத்தில் பண்ணைகளிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்தது. கோழி தீவனத்தைத் தின்கிறது, எடை ஏறவில்லை. குஞ்சு சரியில்லையா, தண்ணீர் சரியில்லையா, மக்காச்சோளத்தில் பூஞ்சையா என்று இரண்டு வாரம் தேடினோம். கடைசியில் கோளாறு எண்ணெயில் இருந்தது. அந்த எண்ணெய் இளங்குஞ்சுக்கு உண்மையில் கொடுத்தது 6,650 கிலோகலோரிதான்.

அந்த இரண்டு வாரமும் நான் பட்ட பாட்டை, புதிதாக இந்த வேலைக்கு வருகிற யாரும் படக்கூடாது. ஐம்பது நிமிடத்தில் வாசலிலேயே எதையெல்லாம் பார்க்கலாம், எதை லேபுக்கு அனுப்ப வேண்டும், வந்த எண்களை வைத்து எனர்ஜியை எப்படிக் கணக்குப் போடுவது என்று வரிசையாகச் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளிக்கூட லேபில் பியூரெட் பிடித்த கை இருந்தால் போதும்.

1. ரிப்போர்ட்டில் இருப்பது எந்த எனர்ஜி என்று முதலில் பாருங்கள்

நான் ஏமாந்தது இங்கேதான். 9,400 என்ற எண் பாம் கலோரிமீட்டரில் வந்தது. அந்தக் கருவி எண்ணெயை முழுக்க எரித்து, எவ்வளவு வெப்பம் வந்தது என்று சொல்லும். அது மொத்த எனர்ஜி. எந்த எண்ணெயை எரித்தாலும் 9,300, 9,400 என்றுதான் வரும். நல்ல சோயா எண்ணெய்க்கும், மாட்டுக் கொழுப்புக்கும், பலமுறை பொரித்துக் கெட்ட எண்ணெய்க்கும் அந்த எண்ணில் பெரிய வித்தியாசம் இருக்காது. நெருப்பு எல்லாவற்றையும் எரித்துவிடும். கோழிக் குடல் அப்படி இல்லை, தன்னால் முடிந்ததை மட்டும்தான் உறிஞ்சும்.

நமக்கு வேண்டியது கோழி எடுத்துக்கொள்ளும் எனர்ஜி, அதாவது மெட்டபாலிசபிள் எனர்ஜி. சுருக்கமாக எம்.ஈ. என்பார்கள். இதை நேரடியாக அளக்க வேண்டுமென்றால் கூண்டில் கோழி வைத்து, தீவனத்தையும் எச்சத்தையும் நாள்கணக்கில் எடை போட வேண்டும். வாசலில் டேங்கரை நிறுத்திவைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அதனால் சில எளிய அளவுகளை எடுத்து எம்.ஈ.யைக் கணிக்கிறோம்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மினரல் ஆயில், அதாவது பெட்ரோலிய எண்ணெய், பாம் கலோரிமீட்டரில் 10,000-க்கு மேல் காட்டும். கோழிக்கு அதில் பைசா பயன் கிடையாது. கலப்படம் செய்தால் ரிப்போர்ட்டில் எண் ஏறும் என்பதை மனதில் வையுங்கள். வழக்கத்தைவிட அதிகமான மொத்த எனர்ஜியைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

2. டேங்கர் கிளம்பும் முன்பே கேட்க வேண்டிய தாள்கள்

எண்ணெய் வந்து இறங்கிய பிறகு பேரம் பேச முடியாது. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும்:

- எண்ணெயின் பெயர் தெளிவாக. 'ஃபீட் ஆயில்', 'மிக்ஸட் ஆயில்' என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சோயா ஆசிட் ஆயிலா, தவிட்டெண்ணெயா, பாம் ஆசிட் ஆயிலா, கோழிக் கொழுப்பா என்று எழுதச் சொல்லுங்கள்.
- எஃப்.எஃப்.ஏ. (கட்டற்ற கொழுப்பு அமிலம்) அதிகபட்சம் எவ்வளவு.
- எம்.ஐ.யூ. அதிகபட்சம் எவ்வளவு. ஈரம், கரையாத அழுக்கு, சோப்பாக மாறாத பொருள் மூன்றும் சேர்ந்ததுதான் இது. கோழிக்கு இதிலிருந்து எனர்ஜி கிடைக்காது.
- அயோடின் எண் (நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும்.
- இந்த எல்லைகளைத் தாண்டினால் விலையில் எவ்வளவு கழிவு, எந்த அளவுக்கு மேல் டேங்கரையே திருப்பி அனுப்புவோம் என்ற வாசகம்.

கடைசி வாசகத்தை நிறைய பேர் எழுதுவதில்லை. வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள். பத்து டன் டேங்கரில் ஒப்புக்கொண்டதைவிட எம்.ஐ.யூ. மூன்று சதவீதம் கூடுதல் என்றால் முந்நூறு கிலோ தண்ணீரையும் அழுக்கையும் எண்ணெய் விலையில் வாங்குகிறீர்கள். கிலோ 75 ரூபாய் என்று வைத்தால் 22,500 ரூபாய். எழுத்தில் இல்லாவிட்டால் அதில் ஒரு ரூபாயைக்கூடத் திரும்ப வாங்க முடியாது.

டேங்கரோடு வர வேண்டியவை: இன்வாய்ஸ், ஈ-வே பில், எடைமேடைச் சீட்டு, அந்த பேட்ச் எண் போட்ட லேப் ரிப்போர்ட், சீல் எண், இதற்கு முன் அந்த டேங்கரில் என்ன ஏற்றினார்கள் என்ற உறுதிமொழி. லேப் ரிப்போர்ட்டில் தேதியையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள். போன மாத ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு லோடுக்கும் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

3. சாம்பிள் எடுப்பது

இதில் தப்பினால் பின்னால் செய்கிற எல்லாச் சோதனையும் வீண். டிரைவர் ஒரு பாட்டிலில் எடுத்து நீட்டுவார், அதை வாங்காதீர்கள். மேலே ஏறி மூடியைத் திறந்து, சாம்பிள் எடுக்கும் நீளக் குழாயை விட்டு மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் எடுங்கள். டேங்கரில் இரண்டு மூன்று அறைகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் எடுக்க வேண்டும்.

அடிமட்ட சாம்பிளைத் தனியாக ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தக் கெட்ட டேங்கரின் அடி சாம்பிளை நான் அன்றைக்கே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: மேலே பழுப்பு எண்ணெய், அடியில் விரலளவு கலங்கல் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் தயிர் ஆடை மாதிரி ஒரு படலம். சில மாதம் கழித்து வேறொரு லோடில் அதையே பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

அப்புறம் மூன்று மட்டத்தையும் ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். உறைந்திருந்தால் வெந்நீரில் வைத்து முழுக்க இளக்கி, நன்றாகக் கலக்கி, மூன்று பாட்டிலில் நிரப்புங்கள். ஒன்று உங்கள் சோதனைக்கு, ஒன்று வெளி லேபுக்கு, ஒன்று சீல் வைத்து டிரைவர் கையெழுத்தோடு பத்திரமாக வைக்க. பழுப்புக் கண்ணாடி பாட்டிலாக, கழுத்துவரை நிரம்பியதாக இருக்கட்டும். பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றே எண்ணெயைக் கெடுத்துவிடும்.

4. வாசலில் ஐம்பது நிமிடச் சோதனைகள்

கண்ணாடிச் சாமான், கெமிக்கல், ஹாட் பிளேட், ஓரளவு நல்ல தராசு எல்லாம் சேர்த்து எங்களுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு டேங்கரில் தப்பித்தாலே அந்தக் காசு வந்துவிடும்.

*அ. கரண்டிச் சோதனை, 2 நிமிடம்.* குழிக்கரண்டியில் கொஞ்சம் எண்ணெய் எடுத்துத் தீயில் காட்டுங்கள். ஈரம் இருந்தால் கடுகு தாளிக்கிற மாதிரி சடசடவென்று வெடிக்கும். சத்தமே இல்லை என்றால் ஈரம் குறைவு. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தெறிக்கும். சரியான எண் வேண்டுமென்றால் 5 கிராம் எடுத்து 105 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடை போடுங்கள், பிறகு அரை மணிக்கு ஒருமுறை எடை மாறாத வரை. இதை டேங்கர் இறங்கிய பிறகும் செய்யலாம்.

*ஆ. கந்தக அமிலம் மிச்சம் இருக்கிறதா, 5 நிமிடம்.* சோப் ஸ்டாக்கில் (எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் சோப்புக் கழிவில்) கந்தக அமிலம் ஊற்றிப் பிரித்துத்தான் ஆசிட் ஆயில் தயாரிக்கிறார்கள். சரியாகக் கழுவவில்லை என்றால் அமிலம் அதிலேயே தங்கிவிடும். எண்ணெயும் வெந்நீரும் சம அளவு ஊற்றிக் குலுக்கி, அடியில் பிரியும் தண்ணீரில் பி.எச். பேப்பரை நனையுங்கள். 4-க்குக் கீழே வந்தால் இறக்காதீர்கள். டேங்க், பம்ப் எல்லாம் அரித்துப் போகும். அதோடு அடுத்த சோதனையில் எஃப்.எஃப்.ஏ.யும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

*இ. எஃப்.எஃப்.ஏ. டைட்ரேஷன், 10 நிமிடம்.* இதுதான் முக்கியமானது. எண்ணெயில் கொழுப்பு அமிலம் எவ்வளவு தனியாகப் பிரிந்து நிற்கிறதோ, அவ்வளவுக்குக் கோழி உறிஞ்சுவது குறையும். இளங்குஞ்சுக்கு இன்னும் குறையும்.

50 மில்லி ஆல்கஹாலைச் சூடாக்கி, சில சொட்டு பீனால்ப்தலீன் விட்டு, லேசான ரோஜா நிறம் வரும்வரை சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சமன்செய்துகொள்ளுங்கள். எத்தனால் வாங்க அனுமதிச் சிக்கல் இருப்பதால் நாங்கள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் வைத்திருக்கிறோம். அதில் 1 கிராம் எண்ணெயைக் கரைத்து, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை பியூரெட்டில் இருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரோஜா நிறம் வந்து முப்பது விநாடி நின்றால் நிறுத்திவிடுங்கள்.

கணக்கு: செலவான மில்லி × 0.1 × 28.2 ÷ எண்ணெயின் எடை. 17.7 மில்லி போனால் எஃப்.எஃப்.ஏ. கிட்டத்தட்ட 50 சதவீதம்.

இதில் மூன்று இடத்தில் வழுக்கும். ஒன்று, ஆசிட் ஆயில் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக இருந்தால் ரோஜா நிறம் கண்ணுக்கே தெரியாது. அப்போது எண்ணெயைக் குறைத்து, ஆல்கஹாலைக் கூட்டி, நீலமாக மாறும் தைமால்ப்தலீனோ, நீலத்திலிருந்து சிவப்பாக மாறும் ஆல்கலி புளூவோ பயன்படுத்துங்கள். இரண்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் காற்றுப் பட்டு வலுக் குறைந்துகொண்டே போகும். பாட்டிலில் 0.1 என்று எழுதியிருப்பதை நம்பாமல் வாரம் ஒருமுறை ஆக்ஸாலிக் அமிலத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மூன்று, 1 கிராம் எடுக்கும்போது தராசு 0.01 கிராமாவது சரியாகக் காட்ட வேண்டும். மளிகைக்கடைத் தராசு இதற்கு உதவாது.

*ஈ. மினரல் ஆயில் சோதனை, 25 நிமிடம்.* 1 மில்லி எண்ணெயில் 25 மில்லி 0.5 நார்மல் ஆல்கஹாலிக் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஊற்றி, எண்ணெய்த் துளி மறைந்து தெளியும்வரை கொதிநீரில் கால் மணி நேரம் வைத்து, பிறகு 25 மில்லி கொதிக்கும் தண்ணீர் விடுங்கள். சமையல் எண்ணெய் சோப்பாக மாறித் தெளிவாக நிற்கும். மினரல் ஆயில் சோப்பாகாது, கலங்கிவிடும். தவிட்டெண்ணெயில் இயல்பாகவே மெழுகும் சோப்பாகாத பொருளும் அதிகம் என்பதால் லேசான மங்கல் வரலாம். அப்போது உங்களிடம் இருக்கும் நல்ல தவிட்டெண்ணெய் சாம்பிளையும் பக்கத்தில் வைத்துச் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

*உ. ஃபிரிட்ஜ் சோதனை.* இதற்கு ஒரு இரவு ஆகும், ஆனால் செலவே இல்லை. வந்த எண்ணெயையும் ஏற்கெனவே நல்லது என்று தெரிந்த அதே வகை எண்ணெயையும் இரண்டு டியூபில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். சோயா என்று விற்றதில் பாமாயில் கலந்திருந்தால் காலையில் அது மட்டும் தடிமனாக உறைந்து நிற்கும். எஃப்.எஃப்.ஏ. அதிகமான எண்ணெயும் கொஞ்சம் உறையும் என்பதால்தான் ஒப்பிடுவதற்கு அதே வகை சாம்பிள் வேண்டும் என்கிறேன்.

ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் 40 டிகிரியில் ஒளிவிலகல் பார்த்து அயோடின் எண்ணை ஊகிப்பார்கள். சுத்திகரித்த எண்ணெய்க்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆசிட் ஆயிலுக்கு அந்த அட்டவணையைப் பயன்படுத்தாதீர்கள். தனித்து நிற்கும் கொழுப்பு அமிலத்தால் ரீடிங் இறங்கிவிடும், நல்ல சரக்கையும் கலப்படம் என்று சொல்லிவிடுவீர்கள்.

வாசல் சோதனையில் தேறினால் எண்ணெயை இறக்குங்கள், ஆனால் தனி டேங்கில். ஓடுகிற டேங்கில் கலந்துவிட்டால் பிறகு லேப் ரிப்போர்ட் எதைச் சொன்னாலும் பயன் இல்லை. தனி டேங்குக்கு இடமில்லை என்று எங்கள் முதலாளியும் முதலில் தயங்கினார். பழைய ஐயாயிரம் லிட்டர் டேங்க் இரண்டை வாங்கிப் போட்ட பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

5. லேபுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது

'எண்ணெய் டெஸ்ட்' என்று மட்டும் எழுதினால் அவர்களுக்குத் தோன்றியதைச் செய்து கொடுப்பார்கள். தேவையில்லாததற்கும் காசு போகும். இந்த நான்கை மட்டும் கேளுங்கள்: ஃபேட்டி ஆசிட் புரொஃபைல் (எந்தெந்தக் கொழுப்பு அமிலம் எத்தனை சதவீதம் என்ற பட்டியல்), அயோடின் எண், சோப்பாகாத பொருள், கரையாத அழுக்கு. பாம் கலோரிமீட்டர் வேண்டாம்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. தனியார் லேப் என்றால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்கும் சோதனைக்கே அந்த அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள், லேபுக்கு அங்கீகாரம் என்றால் எல்லாச் சோதனைக்கும் என்று அர்த்தம் இல்லை. நான்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எங்களுக்கு மூன்று முதல் ஐந்து வேலைநாளில் ரிப்போர்ட் வருகிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தால் அடுத்த வாரம் முடியும்வரை காத்திருக்க நேரும். லோடைத் திங்கள், செவ்வாயில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அயோடின் எண் வந்ததும் முதல் வேலை, விற்றவர் சொன்ன பெயரோடு ஒப்பிடுவது. சோயா எண்ணெய் 120-இலிருந்து 140 வரை, தவிட்டெண்ணெய் 90-இலிருந்து 105 வரை, பாமாயில் 45-இலிருந்து 56 வரை இருக்கும். எங்கள் 'சோயா' டேங்கருக்கு வந்தது 95. சோயாவுக்கு 125, பாமுக்கு 50 என்று வைத்தால் 30-ஐ 75-ஆல் வகுத்து, நூற்றுக்கு நாற்பது பங்கு பாமாயில் என்று தெரிந்துவிடும்.

6. எனர்ஜி கணக்கு

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் வைஸ்மன் குழு 1998-இல் வெளியிட்ட சமன்பாடுதான் இன்றைக்கும் தீவனத் துறையில் பெரும்பாலும் புழங்குகிறது. இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: எஃப்.எஃப்.ஏ. எவ்வளவு, நிறைவுறாத கொழுப்புக்கும் நிறைவுற்ற கொழுப்புக்கும் உள்ள விகிதம் எவ்வளவு. சமன்பாட்டில் வரும் அடுக்குக்குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறேன், உங்களுக்குக் கூட்டல் கழித்தல்தான்.

மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கு: 38.11-இல் தொடங்குங்கள். எஃப்.எஃப்.ஏ. ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.09 கழியுங்கள். பிறகு விகிதத்துக்கு ஏற்ப இதைக் கழியுங்கள்:

- விகிதம் 1 என்றால் 9.25
- 1.5 என்றால் 7.18
- 2 என்றால் 5.57
- 2.5 என்றால் 4.33
- 3 என்றால் 3.36
- 4 என்றால் 2.03
- 5.5 என்றால் 0.95

மூன்று வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு: 39.03-இல் தொடங்கி, எஃப்.எஃப்.ஏ. ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.06 கழியுங்கள். விகிதத்துக்குக் கழிக்க வேண்டியது, அதே வரிசையில்: 5.68, 4.65, 3.80, 3.11, 2.54, 1.70, 0.93.

வருவது ஒரு கிலோ எண்ணெய்க்கு மெகாஜூலில். 239-ஆல் பெருக்கினால் கிலோகலோரி. கடைசியாக எம்.ஐ.யூ. சதவீதத்தைக் கழித்துவிடுங்கள்.

எங்கள் டேங்கரையே போட்டுக் காட்டுகிறேன். எஃப்.எஃப்.ஏ. 50, எம்.ஐ.யூ. 5. சோயாவில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்கு 15, பாமில் 50. அறுபதுக்கு நாற்பது கலந்தால் 9 + 20 = 29. மிச்சம் 71. விகிதம் 71 ÷ 29, அதாவது ஏறத்தாழ 2.5.

38.11 − 4.50 − 4.33 = 29.28 மெகாஜூல். 239-ஆல் பெருக்கினால் 6,998. அதில் ஐந்து சதவீதம் போனால் 6,650 கிலோகலோரி. வளர்ந்த கோழிக்கு இதே எண்ணெய் 7,470 வரை வருகிறது. சுத்தமான, எஃப்.எஃப்.ஏ. 1 சதவீதமே உள்ள சோயா எண்ணெய்க்குப் போட்டுப் பாருங்கள், குஞ்சுக்கே 8,860 வரும். நாங்கள் ஃபார்முலாவில் போட்ட 8,800 இதற்குப் பொருந்தும் எண். எங்கள் டேங்கில் இருந்ததோ வேறு சரக்கு.

தீவனத்தில் மூன்று சதவீதம் எண்ணெய் சேர்த்திருந்தோம். 2,150 குறைவு என்றால் ஒரு கிலோ தீவனத்தில் 64 கிலோகலோரி காணாமல் போயிருக்கிறது. 3,000 கிலோகலோரித் தீவனத்தில் அது இரண்டு சதவீதத்துக்கும் மேல். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கோழி கூடுதலாகத் தின்றது, எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை ஏறத் தேவைப்படும் தீவனம்) ஏறியது.

கணக்கில் எல்லோரும் தடுக்கும் இரண்டு இடங்கள்: வைஸ்மன் சமன்பாட்டை மூலத்திலிருந்து எடுத்து எக்ஸெலில் போடுபவர்கள், எஃப்.எஃப்.ஏ.யை ஒரு கிலோவுக்கு இத்தனை கிராம் என்று போட வேண்டும். 50 சதவீதம் என்றால் 500. அங்கே 50 என்று போட்டால் எண்ணெய் அபாரமாகத் தெரியும். இரண்டாவது, கலவை எண்ணெயில் விகிதங்களைச் சராசரி எடுக்காதீர்கள். சோயாவின் 5.7-ஐயும் பாமின் 1-ஐயும் அறுபதுக்கு நாற்பதாகச் சராசரி எடுத்தால் 3.8 வரும், அது தப்பு. மேலே செய்த மாதிரி நிறைவுற்ற பங்கைச் சேர்த்துப் பிறகு வகுக்க வேண்டும். ஃபேட்டி ஆசிட் புரொஃபைல் கையில் இருந்தால் இந்த வேலையே இல்லை, அதிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட்டருக்கும் (குஞ்சுத் தீவனம்) ஃபினிஷருக்கும் (கடைசிக் கட்டத் தீவனம்) ஒரே எண்ணை ஃபார்முலாவில் வைக்காதீர்கள். கலவையும் பாமும் வந்தால் ஃபினிஷருக்கு ஒதுக்குங்கள், குஞ்சுத் தீவனத்துக்கு நல்ல சோயா எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். லேயர் (முட்டைக்) கோழிக்கு வளர்ந்த கோழிக் கணக்கையே நாங்கள் எடுக்கிறோம்.

7. இனி விலையைக் கிலோவில் பார்க்காதீர்கள்

ஆயிரம் கிலோகலோரிக்கு எவ்வளவு என்று பாருங்கள். கலப்பு ஆசிட் ஆயில் கிலோ 75 ரூபாய், எம்.ஈ. 6,650 என்றால் ஆயிரத்துக்கு 11 ரூபாய் 28 காசு. கலப்பில்லாத சோயா ஆசிட் ஆயில், அதே எஃப்.எஃப்.ஏ., அதே எம்.ஐ.யூ., குஞ்சுக்கு 7,415 வரும். அதை 80 ரூபாய்க்கு வாங்கினால் ஆயிரத்துக்கு 10 ரூபாய் 79 காசுதான். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுத்தும் லாபம். இந்த ஒரு தாளை முதலாளி மேசையில் வைத்தால், லேப் செலவுக்கு அப்புறம் கேள்வி வராது.

8. என்.ஐ.ஆர். கருவி வாங்கலாமா?

என்.ஐ.ஆர். என்பது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கருவி. சாம்பிளை வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் எஃப்.எஃப்.ஏ., ஈரம், அயோடின் எண், எம்.ஈ. எல்லாம் திரையில் வரும். விலை பல லட்சம். பெரிய மில்லுக்குச் சரி. மாதம் இரண்டு மூன்று டேங்கர் வாங்குபவர்களுக்குத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: கேலிப்ரேஷன் எந்தெந்த எண்ணெயில் செய்தது? சுத்திகரித்த சோயாவையும் பாமையும் மட்டும் கற்றுக்கொடுத்த கருவியிடம் நம் ஊர் தவிட்டெண்ணெய் ஆசிட் ஆயிலைக் காட்டினாலும் அது ஏதோ ஒரு எண்ணைச் சொல்லும், தசமப் புள்ளியோடு சொல்லும். அந்த எண்ணை நம்ப முடியாது. சாம்பிளை ஒவ்வொரு முறையும் ஒரே வெப்பநிலைக்குச் சூடாக்கி, துளி கலங்கல் இல்லாமல் வைக்க வேண்டும். பத்தில் ஒரு சாம்பிளையாவது வெளி லேபுக்கும் அனுப்பி ஒப்பிட்டுக்கொண்டே இருங்கள்.

9. இந்தக் கணக்குக்குப் பிடிபடாதவை

தேங்காய் எண்ணெய், பாம் கெர்னல் எண்ணெய் இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம். ஆனால் அந்தக் கொழுப்பு அமிலங்களின் கார்பன் சங்கிலி நீளம் குறைவு, கோழி எளிதாக உறிஞ்சிவிடும். மேலே சொன்ன கணக்கு இவற்றை அநியாயமாகக் குறைத்து மதிப்பிடும். அதேபோல் மாடுகளுக்கான பைபாஸ் கொழுப்புக்கும் இதைப் போடாதீர்கள்.

ஹோட்டலில் பொரித்துத் தீர்ந்த எண்ணெயை இந்தக் கணக்கு உயர்த்திக் காட்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகும் பிசுபிசுப்பான பாலிமர் எம்.ஐ.யூ.விலும் அகப்படாது, எஃப்.எஃப்.ஏ.யிலும் அகப்படாது. எண்ணெய் எவ்வளவு சிக்கலடித்திருக்கிறது என்று பார்க்கும் பெராக்சைடு எண்ணை நம்பியும் ஏமாற வேண்டாம். மிகவும் கெட்ட எண்ணெயில் பெராக்சைடு உடைந்துபோய் அந்த எண் மறுபடி குறைவாகவே காட்டும். விரலில் தொட்டு இழுத்தால் கோந்து மாதிரி இழுபடுகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கணக்கே போட வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

10. சீல் வைத்த பாட்டிலை எத்தனை நாள் வைப்பது

ரிப்போர்ட் வந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறக்கிய எண்ணெய் தீவனமாகிப் பண்ணைக்குப் போக ஒரு வாரம் பத்து நாள். குஞ்சு விட்டுக் கோழி பிடிக்க ஆறு வாரம் ஆகும். சில புகார் வருவது அதற்குப் பிறகுதான். அந்த முதல் டேங்கரில் எங்களிடம் மிஞ்சியது டேங்க் அடியில் இருந்த எண்ணெய் மட்டும். அதைச் சோதித்து 95 என்று காட்டியபோது, 'இது உங்கள் டேங்க் எண்ணெய், என் சரக்கு இல்லை' என்று விற்றவர் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்ட பாட்டில் ஒன்று இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. இப்போது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு முழுக்க அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். லேபிளில் தேதி, வண்டி எண், சீல் எண், டிரைவர் கையெழுத்து, வாசலில் எடுத்த எஃப்.எஃப்.ஏ. எல்லாம் எழுதி, அறுபது நாள் முடிந்த பாட்டிலை மட்டுமே எடுக்கிறோம்.